'ரொம்பத்தான் நினைப்பு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மார்ச் 2 – வந்த கேள்வி

ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'அவனுக்குத் தன்னைப் பற்றி ரொம்பத்தான் நினைப்பு' என்று ஒரு வரி வருகிறது. 'ஹி ஹேஸ் எக்ஸாஜரேட்டட் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் இப்படிச் சொல்ல மாட்டார் என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை. இந்த இடத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும்?

மார்ச் 2, இரவு

நண்பர் சொல்வது சரி. காரணம் 'செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அகராதியைப் புரட்டுங்கள். தன் மதிப்பை உள்ளதைவிடப் பெரிதாக எண்ணிக்கொள்வது என்றுதான் அதற்குப் பொருள் போட்டிருப்பார்கள். மிகை என்பது சொல்லிலேயே அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் 'எக்ஸாஜரேட்டட்' என்று இன்னொரு மிகையைச் சேர்ப்பது 'நடுமத்தியில்' என்று சொல்வதைப் போன்றது.

'இம்பார்ட்டன்ஸ்' மட்டும் தனியாக நின்றால் அது நடுநிலையான சொல். அதன் மீதான எண்ணம்தான் வீங்குகிறது. ஆகவே 'ஆன் இன்ஃப்ளேட்டட் சென்ஸ் ஆஃப் ஹிஸ் ஓன் இம்பார்ட்டன்ஸ்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் பலமுறை புழங்கித் தேய்ந்த தொடர் இது. கண்ணை உறுத்தாது.

மார்ச் 3

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். படுத்த பிறகும் மனம் அதிலேயே நின்றது. 'இன்ஃப்ளேட்டட் சென்ஸ் ஆஃப் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்பதை நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேட்டில், நார்சிசிஸ (தன்மோக) ஆளுமைக் கோளாறுக்குக் கொடுத்திருக்கும் முதல் அறிகுறியே 'கிராண்டியோஸ் சென்ஸ் ஆஃப் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்றுதான் தொடங்குகிறது. சொல்லை எடை போட்டு எழுதுகிறவர்கள் அவர்கள். அவர்களே எழுதியிருக்கும்போது கூறியது கூறல் என்று நான் அதைத் தள்ளியது தவறு.

அப்படியானால் உங்கள் வாக்கியத்தில் எது இடறுகிறது? இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, 'சென்ஸ் ஆஃப்' விடுபட்டிருக்கிறது. இரண்டு, முன்னால் 'ஒரு' என்ற பொருளில் வர வேண்டிய 'ஆன்' விடுபட்டிருக்கிறது. 'செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்பது கூட்டிக் குறைக்கக்கூடிய அளவு இல்லை. 'ஹை செல்ஃப்-எஸ்டீம்', 'லோ செல்ஃப்-எஸ்டீம்' என்று இரண்டும் உண்டு. 'லோ செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. குறைவே இல்லாத ஒன்றுக்கு மிகையும் சரியாக ஒட்டாது. நடுவில் 'சென்ஸ்' வந்துவிட்டால், பெருக்கவும் சுருக்கவும் கையில் ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

கூறியது கூறல் பற்றிய என் பேச்சு முழுக்க வீண் இல்லை. சொல்லில் மிகை இருப்பது உண்மை. அதை ஆங்கிலம் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5

'இன்ஃப்ளேட்டட்' எதனோடு சேரும், 'எக்ஸாஜரேட்டட்' எதனோடு சேரும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தில் 1957-ல் எழுதினார் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். சொற்சேர்க்கை பற்றிய ஆராய்ச்சிக்கு இன்றும் அதுதான் வாசல். பொருளை மட்டும் தெரிந்துகொண்டு சொல்லை எடுத்தால், நீங்கள் போட்டது போல இலக்கணம் தப்பாமல் ஒட்டாத வாக்கியம் பிறக்கும்.

'இன்ஃப்ளேட்' லத்தீனில் உள்ளே ஊதுவது. ஏற்கெனவே ஒரு சரியான அளவு இருக்கிற பொருளைத்தான் ஊத முடியும். விலை, மதிப்பெண், செலவுக் கணக்கு, கருத்து, பிம்பம், ஈகோ. 'இன்ஃப்ளேட்டட் ஒப்பினியன் ஆஃப் ஹிம்செல்ஃப்', 'இன்ஃப்ளேட்டட் செல்ஃப்-இமேஜ்', 'இன்ஃப்ளேட்டட் ஈகோ' எல்லாம் சரி. 'இன்ஃப்ளேட்டட் அரகன்ஸ்' தப்பு. அரகன்ஸுக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு இருந்தாலும் அது குற்றம்தான். அதோடு 'ஷியர்', 'பிரெத்டேக்கிங்', 'மான்யுமென்டல்' போன்றவை சேரும். வெறும் ஆணவம், மூச்சை நிறுத்தும் ஆணவம், நினைவுச்சின்னம் அளவுக்கு ஆணவம்.

'எக்ஸாஜரேட்' லத்தீனில் மண்ணைக் குவித்து மேடாக்குவது. 'ஆகர்' என்றால் மேடு. அது பெரும்பாலும் சொல்லப்படுவதோடும் காட்டப்படுவதோடும் சேரும். வதந்தி, செய்தி, உரிமை கோரல், பெருமூச்சு, பணிவு. 'எக்ஸாஜரேட்டட் பொலைட்னஸ்' என்றால் வேண்டுமென்றே கூட்டிக் காட்டும் பணிவு, ஒரு நடிப்பு. உங்கள் வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கில வாசகருக்கு, அவன் பெருமையை நடித்துக் காட்டுகிறான் என்ற நிழல் விழக்கூடும். உங்கள் கதாபாத்திரம் நடிக்கிறானா? நம்புகிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன். 'ஆன் எக்ஸாஜரேட்டட் சென்ஸ் ஆஃப் ஹிஸ் ஓன் இம்பார்ட்டன்ஸ்' தாராளமாக வழங்குகிறது. அங்கேயும் காப்பாற்றுவது 'சென்ஸ்'தான்.

மார்ச் 6

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டு மதிப்பீட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். என்னைப் பற்றிய பத்தியில் 'அட் டைம்ஸ் செல்ஃப்-இம்பார்ட்டன்ட்' என்று இருந்தது. 'செல்ஃப்-கான்ஃபிடன்ட்' என்றால் தன்னம்பிக்கை உள்ளவர், 'செல்ஃப்-ரிலையன்ட்' என்றால் தன் காலில் நிற்பவர். அந்த வரிசையில் இதையும் வைத்து, தானாகவே முக்கியமானவர் என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வாரம் கழித்து, வேறு எதற்காகவோ அகராதியைத் திறந்தபோது அந்தச் சொல் கண்ணில் பட்டது. அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

குற்றச்சாட்டு வலித்தது. அதைவிட, ஒரு வாரம் அதைப் புகழ்ச்சி என்று நம்பி நடமாடியது அதிகம் வலித்தது. சொற்சேர்க்கைகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வாரம்தான் தொடங்கியது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'செல்ஃப்' என்று தொடங்கும் சொற்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன. 'ரெஸ்பெக்ட்', 'எஸ்டீம்', 'கான்ஃபிடன்ஸ்', 'ரிலையன்ஸ்' ஒரு பக்கம். 'இம்பார்ட்டன்ட்', 'சாட்டிஸ்ஃபைட்', 'ரைச்சஸ்', 'அப்சார்ப்ட்', 'சென்டர்ட்' மறுபக்கம். 'சாட்டிஸ்ஃபைட்' என்றால் திருப்தி, அதில் குறை ஒன்றும் இல்லை. முன்னால் 'செல்ஃப்' ஒட்டினால் தன்னில் தானே நிறைந்து உட்கார்ந்திருப்பவர் ஆகிவிடுகிறார். எது எந்தப் பக்கம் என்று சொல்லின் உறுப்புகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. ஒவ்வொன்றாகப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 9

இன்று ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். தற்பெருமையைச் சொல்ல ஆங்கிலம் எந்தெந்தப் படங்களை எடுத்துக்கொள்கிறது என்று.

முதலில் காற்று. 'இன்ஃப்ளேட்டட்', 'பஃப்ட் அப்', 'ஸ்வோலன்-ஹெடட்', 'பாம்பஸ்', 'புட் ஆன் ஏர்ஸ்'. ஆள் முழுக்க ஊதப்பட்ட பை. இது மிகப் பழைய படம். 1611-ல் வந்த ஆங்கில விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8-ஆம் அதிகாரத்தில், அறிவு ஊதிப் பெருக்கும் என்ற பொருளில் 'பஃபெத் அப்' என்று இருக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல் துருத்தியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. நம் பழைய தமிழ் விவிலியம் அதே இடத்தில் 'அறிவு இறுமாப்பை உண்டாக்கும்' என்கிறது. பொருள் சரியாக வந்துவிட்டது, துருத்தி மட்டும் வழியில் நின்றுவிட்டது.

இரண்டாவது உயரம். 'ஹை அண்ட் மைட்டி', 'ஹை ஹார்ஸ்', 'லுக் டவுன் ஆன்'. 'ஹாட்டி' என்ற சொல்லே உயரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'சூப்பர்சிலியஸ்' என்பதில் லத்தீன் புருவம் இருக்கிறது. தூக்கிய புருவத்தோடு பார்ப்பவர்.

மூன்றாவது பருமன். 'பிக்ஹெட்', 'கிராண்டியோஸ்', 'டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்'. கால் வளர்ந்து செருப்பு போதாமல் போனவன்.

ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் மருந்தும் மொழியிலேயே இருக்கிறது. காற்றுக்கு 'டிஃப்ளேட்', உயரத்துக்கு 'கெட் ஆஃப் யுவர் ஹை ஹார்ஸ்', பருமனுக்கு 'கட் டவுன் டு சைஸ்'. குதிரை மேல் இருப்பவரைக் காற்றிறக்க முடியாது. மொழிபெயர்க்கும்போது ஒரு படத்தில் தொடங்கி இன்னொன்றில் முடித்தால் வாசகருக்கு எங்கோ கல் தட்டும். என் பழைய மொழிபெயர்ப்புகளில் இந்தத் தப்பு நிறையவே இருக்கிறது.

தமிழில் பாருங்கள். தலைக்கனம், மண்டைக்கனம். ஆங்கிலத் தலை காற்றால் வீங்குகிறது, தமிழ்த் தலை கனத்துப்போகிறது. கொழுப்பு, திமிர், கொம்பு முளைத்தல் எல்லாம் நம்மிடம் உடம்போடு ஒட்டியவை. 'உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது' என்ற கேள்வியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால், கேட்பவர் முதலில் சாத்தானைத்தான் நினைப்பார்.

மார்ச் 10

நேற்றைய வரிசையில் இரண்டு தப்புகள்.

'புட் ஆன் ஏர்ஸ்' என்பதில் வரும் 'ஏர்' நாம் சுவாசிக்கும் காற்று இல்லை. தோற்றம், தோரணை என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ஆன் ஏர் ஆஃப் மிஸ்டரி' என்று சொல்வார்களே, அந்த 'ஏர்'. ஆக அந்தத் தொடர் தோரணையை அணிந்துகொள்வது. 'பந்தா காட்டுவது' இதற்கு நெருங்கி வரும்.

'பாம்பஸ்' என்பதையும் காற்றில் சேர்த்துவிட்டேன். பம்பு அடிப்பது போல ஒலிப்பதால் ஏமாந்தேன். அது கிரேக்கத்தில் ஊர்வலத்தைக் குறித்த சொல், லத்தீன் வழியாக வந்தது. தானே ஒரு ஊர்வலமாக நடந்து வருபவர். 'டாம்பீகம்', 'பகட்டு' இரண்டுக்கும் இது பக்கத்து வீடு. 'பாம்பஸ்' என்ற சொல்லை ஆளின் மனத்தைவிட அவருடைய பேச்சுக்கும் நடைக்கும்தான் அதிகம் சொல்கிறார்கள். 'பாம்பஸ் ஸ்பீச்', 'பாம்பஸ் லாங்குவேஜ்' உண்டு. 'கன்சீட்டட் ஸ்பீச்' என்று கேள்விப்பட்டதில்லை.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்பிவிடுவது எனக்குப் பழைய பழக்கம். விட முயல்கிறேன்.

மார்ச் 12

'ஈகோ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்ப் பேச்சிலேயே அது கலந்துவிட்டது, 'அவனுக்கு ஈகோ' என்கிறோம்.

ஆங்கிலத்தில் வெறுமனே 'ஹி ஹேஸ் ஈகோ' என்று நிற்காது. 'பிக்', 'ஹியூஜ்', 'மாசிவ்' ஏதாவது ஒன்று வேண்டும். 'ஃப்ரேஜைல் ஈகோ' என்றால் தொட்டால் உடையும். 'ப்ரூஸ்ட் ஈகோ' என்றால் அடிபட்டது. தமிழில் 'ஈகோ' என்பது பெரும்பாலும் விட்டுக்கொடுக்காத வீம்பு. இரண்டு பேருக்குள் 'ஈகோ பிரச்சினை' என்றால், யார் முதலில் பேசுவது என்பதில் இருவரும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆங்கில 'ஈகோ' அதைவிட அகலம்.

லத்தீனில் 'ஈகோ' என்றால் நான். ஃப்ராய்ட் 1923-ல் தன் கோட்பாட்டை எழுதியபோது ஜெர்மனில் சாதாரணமாக 'நான்' என்று சொல்லும் 'இஷ்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். 1927-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது லத்தீன் உடை போட்டு 'ஈகோ' ஆனது. நம் 'அகங்காரம்' என்பதிலும் வடமொழி 'அஹம்', அதாவது நான், இருக்கிறது. வீட்டில் புழங்கும் 'நான்' என்ற சொல்லைக் குற்றம் சொல்ல மனம் வராமல், இரண்டு மொழிகளும் ஒரு மூத்த மொழியின் 'நான்' ஒன்றைக் கடன் வாங்கி வைத்திருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனாலும் இந்த ஒற்றுமை என்னை விடுவதில்லை.

மார்ச் 15

மார்ச் 3 அன்று நோயறி கையேட்டைச் சாட்சிக்கு இழுத்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுப்போடு எழுத வேண்டும்.

நார்சிசிஸ ஆளுமைக் கோளாறு அந்தக் கையேட்டில் நுழைந்தது 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பில். 1987-ல் வந்த திருத்தப் பதிப்பிலிருந்து ஒன்பது அறிகுறிகள், அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்று விதி. 'கிராண்டியோஸ் சென்ஸ் ஆஃப் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்' அந்த ஒன்பதில் ஒன்று மட்டுமே. அது ஒன்றை வைத்து ஒருவரை நோயாளி ஆக்க முடியாது.

இருமுனைக் கோளாறின் மேனியா கட்டத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலில் நிற்பது 'இன்ஃப்ளேட்டட் செல்ஃப்-எஸ்டீம் ஆர் கிராண்டியாசிட்டி'. என் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அந்த நிலை வந்தது. மூன்று இரவுகள் தூங்கவில்லை. உலகத்தைத் திருத்தும் திட்டம் ஒன்று தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று அத்தனை தெளிவாகப் பேசினார். வீட்டில் எல்லாரும் முதலில் சொன்னது 'திமிர் பிடித்துப் பேசுகிறான்' என்றுதான். நானும் சொன்னேன். திமிர் என்ற சொல் கையருகில் இருந்ததால் மருத்துவரிடம் போக ஒரு வாரம் தாமதமானது. மருந்து வேலை செய்து, நிதானத்துக்கு வந்த பிறகு, தான் பேசியதை நினைத்து அவர் அழுததை என்னால் மறக்க முடியாது.

'டெலூஷன்ஸ் ஆஃப் கிராண்டியர்', அதாவது தான் மாபெரும் ஆள் என்ற பிரமை, என்பதை ஆங்கிலத்தில் கேலியாகச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறது, தப்பென்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தொடர் முதலில் ஒரு நோயின் அறிகுறி. நான் என் எழுத்தில் அதைக் கேலிக்கு எடுப்பதில்லை. உங்கள் கதைக்கும் அது வேண்டாம்.

மார்ச் 16

'கிராண்டியோஸ்' என்பதையும் ஒதுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். திட்டம், கட்டடம், வாக்குறுதி எல்லாவற்றுக்கும் அது வருகிறது. ஆளுக்குச் சொல்லும்போது மட்டும் மருந்து வாசனை அடிக்கும்.

மார்ச் 19

ஒரு வாசகர் அனுப்பியது அருமையான கவனிப்பு. 'ஷி ஹேஸ் எ ஹை ஒப்பினியன் ஆஃப் ஹிம்' என்றால் அவனுக்குப் பாராட்டு. 'ஹி ஹேஸ் எ ஹை ஒப்பினியன் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்றால் வசவு. மாறியது ஒரே ஒரு சொல். 'திங்க் ஹைலி ஆஃப்' என்பதும் அப்படியே.

இதைப் படித்ததும் குறள் 978 மனத்தில் வந்து நின்றது. 'பணியுமாம் என்றும் பெருமை சிறுமை அணியுமாம் தன்னை வியந்து.' வியத்தல் குற்றம் இல்லை. பிறரை வியக்கலாம், மலையை வியக்கலாம். 'தன்னை' என்று செயப்படுபொருள் எழுவாயிடமே திரும்பி வரும்போதுதான் அது சிறுமை ஆகிறது. ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' செய்யும் வேலையைத் தமிழில் 'தன்னை' செய்கிறது. வைகிற சொல் ஒன்றுகூட இல்லாமல் வைவது. 'சிறுமை அணியும்' என்பதும் கவனிக்க வேண்டியது. 'புட் ஆன்' என்பதும் அணிவதுதானே.

இந்த வகைத் தொடர்களில் மொழிபெயர்ப்பாளர் விழக்கூடிய குழி ஒன்று உண்டு. 'ஹி ஹேஸ் எ வெரி குட் ஒப்பினியன் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்று ஆங்கிலத்தில் படித்து, 'அவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு' என்று தமிழில் எழுதினால் பாராட்டாகிவிடும். அங்கே 'குட்' குத்துகிறது. நான் இதில் ஒருமுறை விழுந்திருக்கிறேன், அச்சில்.

மார்ச் 20

நீங்கள் இன்று எழுதியதைப் பார்த்த பிறகு, இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று பட்டது. அந்த வரியைச் சொல்வது கதைசொல்லி இல்லையா? அவனுடைய அக்காவா? புது வேலையில் சேர்ந்து, வீட்டுக்கு வந்தவன் யாரையும் முகம் கொடுத்துப் பார்க்காமல் உள்ளே போகிறான், அப்போது அக்கா சொல்கிறாள்.

அப்படியென்றால் நான் மார்ச் 2 அன்று கொடுத்த 'இன்ஃப்ளேட்டட் சென்ஸ் ஆஃப் ஹிஸ் ஓன் இம்பார்ட்டன்ஸ்' இந்த இடத்துக்கு ஆகாது. அது கட்டுரையாளர் வாயிலிருந்து வருவது, மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது. ஒரு அக்கா தம்பியைப் பற்றி அப்படிப் பேசினால், அவளுக்கே கொஞ்சம் அந்த வியாதி இருக்கிறது என்று வாசகர் நினைப்பார். பதினெட்டு நாளாக எந்தச் சொல் எதோடு சேரும் என்று எழுதிக்கொண்டிருந்தவன், சொல் எந்த வாயோடு சேரும் என்று பார்க்கவில்லை.

மார்ச் 22

'நினைப்பு' என்ற சொல்லுக்கு நேராக ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வெறும் எண்ணம் என்ற சொல்லையே வசவாக்குவது தமிழின் தனிச் சொத்து என்று.

இல்லை. இரண்டு இருக்கின்றன.

'ஓவர்வீனிங்' என்ற சொல்லை எடுங்கள். 'ஓவர்வீனிங் ப்ரைட்', 'ஓவர்வீனிங் ஆம்பிஷன்' என்று இப்போது இரண்டு மூன்று கூட்டாளிகளோடு மட்டும் வாழ்கிறது. அதற்குள் இருக்கும் 'வீன்' பழைய ஆங்கிலத்தில் நினைத்தல், கருதுதல். ஆக 'ஓவர்வீனிங்' என்பது அளவு மீறி நினைத்தல். அப்படியே 'ரொம்ப நினைப்பு'.

'கன்சீட்' இன்னும் அழகு. 'கன்சீவ்' என்பதிலிருந்து பிறந்தது, முதலில் மனத்தில் உருவாகும் எண்ணம் என்று மட்டும்தான் பொருள். கவிதையில் வரும் வித்தியாசமான கற்பனை உவமையை இன்றும் 'கன்சீட்' என்றே சொல்கிறார்கள். தன்னைப் பற்றிய எண்ணம் என்பதற்கு 'செல்ஃப்-கன்சீட்' என்றார்கள். பிறகு 'கன்சீட்' என்று தனியே சொன்னாலே தற்பெருமை என்று பொருள்பட்டது. நம் 'நினைப்பு' நடந்த அதே பாதை. 'தன்னைப் பற்றி' என்பதை விட்டுவிட்டு 'அவனுக்கு நினைப்பு' என்றாலே நமக்குப் புரிகிறதே.

இதைக் கண்டபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒன்றோடு ஒன்று பேசாத இரண்டு மொழிகள், மனிதனுடைய ஒரு குணத்தைப் பார்த்து ஒரே இடத்தில் விரலை வைத்திருக்கின்றன. அவன் பணத்தையோ பதவியையோ சொல்லாமல், அவன் நினைப்பதைச் சொல்கின்றன.

ஆனால் அக்கா வாயில் 'ஓவர்வீனிங்' வராது. 'கன்சீட்டட்' வரலாம், கொஞ்சம் படித்த வாடை அடிக்கும்.

மார்ச் 23

பேச்சில் வருகிறவை, என் குறிப்பேட்டிலிருந்து.

'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்': தன்னாலேயே நிரம்பியவன், வேறு யாருக்கும் இடமில்லை. அக்காவுக்கு மிகப் பொருத்தம். 'ஃபுல் ஆஃப் இட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது புளுகுகிறவன்.

'டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்': புது வேலை, புது மிடுக்கு என்பதால் இதுவும் நெருங்குகிறது. அமெரிக்காவில் 'பூட்ஸ்' இருக்கும் இடத்தில் 'பிரிட்சஸ்' வரும், கால்சட்டை. எந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறீர்களோ அதில் நில்லுங்கள்.

'ஸ்டக்-அப்': முகம் கொடுக்காமல் போவதற்குச் சரி. ஆனால் இதில் வெறுப்பு அதிகம். அக்கா வெறுக்கவில்லை.

'திங்க்ஸ் ஹி ஈஸ் காட்ஸ் கிஃப்ட்': இன்னும் காட்டம். பெண்களுக்குத் தானே வரம் என்று நடமாடுகிறவனுக்குத்தான் அதிகம் சொல்வார்கள்.

'ஹூ டஸ் ஹி திங்க் ஹி ஈஸ்': இதிலும் நினைப்பு இருக்கிறது பாருங்கள். 'அவன் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறான்'. கோபம் ஏறிய வாய்க்கு நல்லது.

'ஃபேன்சீஸ் ஹிம்செல்ஃப்': பிரிட்டிஷ் பேச்சு. கண்ணாடி முன் நிற்கும் நினைப்பு, அழகு சார்ந்தது. இங்கே வேண்டாம்.

'திங்க்ஸ் எ லாட் ஆஃப் ஹிம்செல்ஃப்': தன்னைப் பற்றி நிறைய நினைக்கிறான். மார்ச் 19 குறிப்பில் சொன்ன 'ஹிம்செல்ஃப்', மார்ச் 22 குறிப்பில் சொன்ன நினைப்பு, இரண்டும் ஒரே தொடரில். ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். வசவுச் சொல் ஒன்றும் இல்லை.

மார்ச் 24

'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்' மிகப் பொருத்தம் என்று நேற்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய பத்தியை மறுபடி படித்தேன். அந்த வரியைச் சொல்லிவிட்டு அக்கா அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கப் போகிறாள். 'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்' சொன்னவள் எழுந்து போக மாட்டாள்.

மார்ச் 27

'ஹி திங்க்ஸ் எ லாட் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்று போட்டும் ஏதோ குறைகிறது, தட்டையாக இருக்கிறது என்கிறீர்கள். ஆமாம். நாம் இத்தனை நாளும் 'நினைப்பு' என்பதையே சுற்றிக்கொண்டிருந்தோம், 'ரொம்பத்தான்' என்பதில் இருக்கும் 'தான்' கவனத்துக்கு வரவே இல்லை. அக்காவின் குரல் முழுக்க அந்த 'தான்'-இல்தான் இருக்கிறது. சலிப்பு, செல்லம், சின்ன வருத்தம் எல்லாம் அதில்தான்.

ஆங்கிலத்தில் அந்த அழுத்தத்தைத் தனிச் சொல்லால் கொண்டுவர முடியாது, வினையில் ஏற்ற வேண்டும். 'ஹி டஸ் திங்க் எ லாட் ஆஃப் ஹிம்செல்ஃப்.' உரக்கப் படித்துப் பாருங்கள், 'டஸ்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இழுபடும். பேச்சு வாசனை இன்னும் வேண்டுமென்றால் எழுவாயைப் பின்னால் தள்ளலாம்: 'திங்க்ஸ் எ லாட் ஆஃப் ஹிம்செல்ஃப், தட் ஒன்.' முதலாவதில் அவள் தனக்குத்தானே சொல்வது போல இருக்கிறது, இரண்டாவதில் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்.

கதையில் அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?

மார்ச் 28

யாரும் இல்லை என்றால் 'டஸ்' இருக்கட்டும்.